எதிர்வீட்டுச் சட்டி

அந்தக் கோடையில் சந்தைக்குப் புதுக் கத்தரிக்காய் வந்த அன்று, தையல்காரி தன் அடுப்பில் வைத்த கத்தரிக்காய், தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த தங்கை வீட்டுச் சட்டியில் வெந்து இறங்கியது. தங்கை தன் அடுப்பில் வைத்த வெண்டைக்காய், தையல்காரியின் சட்டிக்கு வந்து சேர்ந்தது. இரண்டு வீட்டுக் கதவுகளும் அப்போது சாத்தியிருந்தன. நடுவில் தெரு இருந்தது. தெருவில் தண்ணீர் லாரி ஒன்று நின்று வீடு வீடாகக் குழாய் போட்டுக்கொண்டிருந்தது. தையல்காரி, காம்பு பச்சையாக இருந்த பிஞ்சுக் காய்களாகப் பொறுக்கி, அடிப்பக்கம் நான்காகக் கீறி, பூண்டையும் மிளகையும் ஒன்றிரண்டாக இடித்து உள்ளே அடைத்து, எண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டி மூடி போட்டுவிட்டு, பாதியில் நின்ற ஒரு சட்டைக்குக் காலர் வைக்கப் போயிருந்தாள். வாசனை பதம் சொன்னதும் எழுந்து வந்து மூடியைத் தூக்கினாள். உள்ளே ஒரே நீளத்தில், ஒரே சாய்வில் நறுக்கிய வெண்டைக்காய் கிடந்தது. மூடியைத் திரும்பப் போட்டாள். எதையோ மறந்துவிட்டவள் போலக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி தூக்கினாள். வெண்டைக்காய்தான். அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதே நேரம் எதிர்வீட்டிலிருந்து ஓர் அலறல் கேட்டது. தண்ணீர் லாரிக்காரர் குழாயை நழுவவிட்டார். தெரு முழுக்க நனைந்தது.

அலறியது தங்கை. அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். எதையும் அளந்தே பழகியவள். வீட்டிலும் எண்ணெயைக் கரண்டியால் அளந்துதான் ஊற்றுவாள். தான் அளந்து வைத்த வெண்டைக்காய் இருந்த இடத்தில் கத்தரிக்காயைப் பார்த்ததும், அது யார் கை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த நான்கு கீறலை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். அந்தக் கையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை என்று இருந்தவள் அவள். சட்டியோடு தூக்கிக்கொண்டு போய்க் குப்பைத்தொட்டியில் கொட்டினாள். கொட்டிவிட்டு, சட்டியை மூன்று தடவை தேய்த்துக் கழுவினாள்.

அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டு பல வருடம் ஆகியிருந்தது. ஒரு காலத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்புதான். அம்மா தையல்காரியோடு இருந்தாள். கல்யாணமானதும் தங்கை எதிர்வீட்டைப் பிடித்துக் குடிவந்ததே, ஜன்னலைத் திறந்தால் அம்மா தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் தையல்காரி வீட்டில் கூடிவிடுவார்கள். பிறகு அம்மாவுக்குக் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. உப்பை அறவே நிறுத்தச் சொன்னார் டாக்டர். தையல்காரி அதன் பிறகு அம்மாவுக்குத் தனிச் சட்டி வைத்தாள். எலுமிச்சை, புதினா, சுட்ட பூண்டு என்று எதையெதையோ சேர்த்து, உப்பு இல்லாத சாப்பாட்டை மாதக்கணக்கில் ஊட்டிவிட்டாள். அம்மா அதைச் சாப்பிட்டாள் என்பதைவிட விழுங்கினாள் என்பதே சரி. அடுத்த கோடையில் ஒருநாள் மதியம், தக்காளியைப் பாதியாக அறுத்துச் சூடான கல்லில் கவிழ்த்துச் சுட்டு, மேலே உப்புத் தூவித் தரச்சொல்லி அம்மா கேட்டாள். அவளுக்கு உயிரான பண்டம் அது. தையல்காரி முதலில் மாட்டேன் என்றாள், பிறகு கொடுத்தாள். மறுநாள் காலையில் அம்மா எழுந்திருக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருக்கும்போது தங்கை எழுந்து நின்று, "அம்மா சாகல. இவ உப்பு போட்டுக் கொன்னுட்டா," என்றாள். யாரோ கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்து உருண்டு போன சத்தம் மட்டும் கேட்டது. அன்றிலிருந்து அந்த இரண்டு கதவுகளும் ஒன்றையொன்று பார்த்தபடி சாத்தியே கிடந்தன.

கத்தரிக்காய் போன மறுநாள் தையல்காரி சோளக்கதிரை உதிர்த்து வெண்ணெயில் வதக்கினாள். மூடியைத் தூக்கினால் அளந்து வெட்டிய பீர்க்கங்காய். அதற்கடுத்த நாள் அடுப்பே வேண்டாமென்று வெள்ளரிக்காயைத் துருவித் தயிரில் போட்டுத் தட்டால் மூடினாள். தட்டை எடுத்தால் தக்காளி. மூடாமல் சமைத்துப் பார்த்தாள். தும்மல் வந்து கண்ணை மூடித் திறந்த நேரத்தில் காய் மாறிவிட்டது. தங்கச்சி பின்வாசல் வழியாக வந்து எடுத்துப்போகிறாள் என்று இவள் நினைத்தாள். அக்கா விஷம் வைக்கப் பார்க்கிறாள் என்று அவள் நினைத்தாள். தையல்காரியின் கணவர் நகரப் பேருந்தில் ஓட்டுநர். கண்ணாடியில் தெரிவதைத் தவிர வேறு எதையும் நம்பாதவர். ஒரு கண்ணாடி மூடி வாங்கி வந்து சட்டியின்மேல் போட்டுவிட்டு, எதிரே முக்காலியில் உட்கார்ந்து, கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தக்காளி கொதித்து, ஒரு குமிழி எழும்பி உடைந்தது. உடைந்த இடத்தில் வெண்டைக்காய் இருந்தது. முக்காலியைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனார். அன்று அவருடைய பேருந்து ஒரு நிறுத்தத்திலும் நிற்கவில்லை. ஏறியவர்கள் கத்தக் கத்த, கடைசி நிறுத்தம் வரை ஒரே மூச்சில் ஓட்டிக்கொண்டு போய், எஞ்சினை அணைத்துவிட்டு, "சட்டிக்குள்ள மாறிடுச்சுங்க," என்று மட்டும் சொன்னார். மேலதிகாரி அவருக்கு விடுப்பு கொடுத்து அனுப்பினார்.

பழைய சரக்கு எதுவும் இடம் மாறவில்லை என்பது மெல்லத் தெரியவந்தது. உருளைக்கிழங்கு, வெங்காயம், காய்ந்த பயறு, சோறு, ரொட்டி எல்லாம் வைத்த சட்டியிலேயே இருந்தன. கோடையில் விளைந்து அன்றன்று சந்தைக்கு வரும் காய்தான் தெருவைத் தாண்டியது. அப்படியானால் உருளைக்கிழங்கைத் தின்று கோடையைத் தள்ளிவிடலாம் என்று இரண்டு வீட்டிலும் தனித்தனியாக முடிவெடுத்தார்கள். சில நாள் தள்ளியும் பார்த்தார்கள். ஆனால் தெருவில் தினமும் காய்கறிக்காரி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தக்காளி கன்னம் சிவந்து கிடந்தது. சோளக்கதிரின் மீசைகூடக் காயவில்லை. வெள்ளரிப்பிஞ்சைத் தொட்டால் ஈரம் ஒட்டியது. இத்தனையையும் பார்த்துவிட்டு உள்ளே போய் முளைவிட்ட உருளைக்கிழங்கை வேகவைப்பதற்கு ஒரு தனி வைராக்கியம் வேண்டும். அது இரண்டு வீட்டிலும் இல்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி மாற்றிக்கொண்டால் தீர்ந்தது என்று அக்கம்பக்கத்தில் பலரும் சொன்னார்கள். அதற்குக் கதவைத் தட்ட வேண்டும்.

விஷயம் பரவி, நகராட்சி சுகாதார ஆய்வாளர் வந்தார். இரண்டு அடுப்படிக்கும் ஆள் நிறுத்தினார். ஆள் நின்றபடியே காய் மாறியது. நின்ற ஆட்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். இதில் தொற்று எதுவும் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமென்று ஆய்வாளர் தங்கை வீட்டுச் சட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புட்டியில் அடைத்து ஆய்வுக்கு அனுப்பினார். அந்த ஊரில் இருந்த ஒரே ஆய்வுக்கூடம் தங்கை வேலை பார்த்த இடம்தான். புட்டி அவள் மேஜைக்கே வந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அதைத் திறந்தாள். கத்தரிக்காய் இருந்தது, எண்ணெய் இருந்தது, பூண்டும் மிளகும் இருந்தன. கெடுதலாக ஒன்றும் இல்லை. காயில் இயல்பாகவே இருக்கும் துளியைத் தவிர உப்பும் இல்லை. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று மறுபடி பார்த்தாள். கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பக்கத்து மேஜைப் பெண்ணைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். இல்லை. உண்மை என்னவென்றால், அம்மா போன நாளிலிருந்து தையல்காரி எந்தச் சட்டியிலும் உப்புப் போட்டதில்லை. சாப்பாட்டு மேஜையில் ஒரு கிண்ணத்தில் உப்பு இருக்கும். வேண்டியவர்கள் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். ஓட்டுநர் அதைப் பற்றி வெளியில் யாரிடமும் பேசியதில்லை. தங்கை அன்று மாலைவரை அந்தப் புட்டியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ தோளைத் தொட்டபோது அடிபட்டவள் போலத் துள்ளி எழுந்தாள்.

தங்கை வீட்டில், மாறி வந்ததை முதலில் தைரியமாகச் சாப்பிட்டவர் அவள் கணவர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர், சாது. ஒரே அடுப்பாக இருந்த காலத்தில், தான் அண்ணி என்று கூப்பிடும் தையல்காரியின் கையால் சாப்பிட்ட ருசியை அவர் மறந்திருக்கவில்லை. மனைவி குளிக்கப் போன நேரத்தில் குப்பைக்குப் போகவிருந்த சோளத்தை ஒரு கரண்டி எடுத்து, உப்புத் தூவி வாயில் போட்டார். பிறகு நின்றபடியே சட்டியைக் காலி செய்தார். மனைவி வந்து பார்த்தாள். கெடுதல் ஒன்றும் இல்லை என்று தானே ஆய்ந்து பார்த்திருந்தும், அவர் செத்து விழுவார் என்று எதிர்பார்த்தவள் போலச் சுவரோரம் நின்றாள். அவர் ஏப்பம் விட்டார். அடுத்த நாள் அவர்களுடைய மகளும் சாப்பிட்டாள். அதற்கடுத்த நாள் தங்கையும் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, எழுந்து போய் முகம் கழுவினாள். எதிர்வீட்டில் ஓட்டுநர், மாறி வந்ததை முதல் நாளிலிருந்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொழுந்தியாள் சமையல் மருந்துக்கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்த மாதிரி இருப்பதாகச் சொன்னாலும் தட்டில் மிச்சம் வைக்கவில்லை. இந்தச் சகலைகள் இருவரும் என்றைக்குமே பேச்சை நிறுத்தியவர்களில்லை. பேருந்துக்குள் ஏறினால் சகலை, தெருவில் இறங்கினால் யாரோ என்று வைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி நாளைக்கு என்ன செய்யப்போகிறார் என்று கண்ணாடிக்கடைக்காரர் ஓட்டுநரின் காதுக்குப் பின்னால் குனிந்து கேட்பது அந்தத் தடத்தில் போகிறவர்களுக்குப் பழகிப்போயிற்று.

அப்படி ஒரு கோடை போய், அடுத்த கோடை வந்தது. முதல் தக்காளி சந்தைக்கு வந்த அன்றே சட்டிகள் மாற ஆரம்பித்தன. இந்த முறை யாரும் அலறவில்லை. ஆனாலும் மூடியைத் தூக்கும்போது ஒவ்வொரு தடவையும் இருவருக்கும் நெஞ்சு திடுக்கென்றது. காய்கறிக்காரி வண்டியைத் தெரு நடுவில் நிறுத்துவாள். இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தங்கை. இருவரும் அவளைப் பார்த்துத்தான் பேசுவார்கள். "எதுத்த வீட்டுச் சின்னப் பொண்ணுக்கு, மேல தூவுற உப்புல சோறு எறங்கலையாம். வாடி நிக்குது," என்று ஒருநாள் காய்கறிக்காரி தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தையல்காரி காயை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் எதிர்வீட்டில் மேஜைமேல் வந்து நின்ற சோளத்தில் உப்பு இருந்தது. ஒரு வாய் வைத்த தங்கை, மென்றதை விழுங்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மகள்தான் பயந்துபோய் அவள் முதுகில் தட்டினாள். அவ்வளவு சரியாக இருந்தது உப்பு. அதன் பிறகு தங்கையும் தன் பங்குக்கு அளவைக் கொஞ்சம் தளர்த்தினாள். ஓட்டுநருக்கு வயிற்றுப்புண் என்று காய்கறிக்காரி வழியாகத் தெரிந்ததும், பீர்க்கங்காயைத் தோல் சீவி, காரமில்லாமல், பாலில் வேகவைத்தாள். தான் வாங்குகிற காய் தன் வீட்டுக்கு இல்லை என்று தெரிந்தே இருவரும் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கினார்கள். தங்கை வெண்டைக்காயின் நுனியை ஒடித்து ஒடித்துப் பார்ப்பதைத் தையல்காரி ஓரக்கண்ணால் கவனித்தாள். பேச்சு மட்டும் இல்லை.

மூன்றாவது கோடையின் தொடக்கத்தில், ஒரு வாடிக்கையாளருக்குக் கண்ணாடிச் சட்டம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்த கண்ணாடிக்கடைக்காரர் அலமாரியோடு சாய்ந்தார். சட்டங்கள் அத்தனையும் அவர்மேல் கொட்டின. ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருதயம் களைத்துவிட்டது, உப்பு ஒரு கல்கூடக் கூடாது, புதுக் காய்கறி நிறையக் கொடுங்கள் என்று டாக்டர் தங்கையிடம் சொன்னார். ஏறக்குறைய இதே வார்த்தைகளை இதே ஆஸ்பத்திரியில் இவள் முன்பு கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து, இருந்த உப்பையெல்லாம் கொட்டிவிட்டு, உருளைக்கிழங்கையும் பயறையும் உப்பில்லாமல் வைத்துக் கொடுத்தாள். அவர் இரண்டு வாய் தின்றுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். புதுக் காய் சமைத்தால் அது எதிர்வீட்டுக்குப் போய்விடும். எதிர்வீட்டிலிருந்து வருவதில் இப்போது உப்பு இருந்தது. அன்று உச்சி வெயிலில் அவள் தெருவைத் தாண்டுவதைப் பார்த்த காய்கறிக்காரி, எடைக்கல்லைத் தன் கால்மேல் போட்டுக்கொண்டாள்.

கதவைத் திறந்த தையல்காரியின் கையில் கத்தரிக்கோல் இருந்தது. அது கீழே விழுந்தது.

"உப்பு போடாத," என்றாள் தங்கை. இத்தனை வருடத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான். வாயைவிட்டு வந்த பிறகே அது அவள் காதில் விழுந்தது. "அவருக்குத்தான் சொல்றேன். டாக்டர் சொல்லிட்டாரு. ஒரு கல்லுகூடக் கூடாதாம்."

"என்கிட்டயா வந்து சொல்ற?"

"வேற யாருகிட்ட போய்ச் சொல்றது? உன் சட்டிதானே எங்க வீட்டுக்கு வருது."

"நான் சமைச்சத அவருக்குக் குடுக்க உனக்குப் பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு," என்றாள் தங்கை. சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் திரும்பி நடந்தாள். தெரு நடுவில் ஒரு செருப்பு கழன்றுகொண்டது. அதை எடுக்கவும் குனியவில்லை.

தையல்காரி மறுபடி உப்பை நிறுத்தினாள். அம்மாவுக்குச் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி எடுத்தாள். கத்தரிக்காயைத் தணலில் கருகச் சுட்டு, தோலை உரித்து, எலுமிச்சை பிழிந்து மசித்தாள். வெள்ளரிக்காயில் புதினாவும் பச்சைப் பூண்டும் கிள்ளிப் போட்டாள். தக்காளியை வெயிலில் ஒரு பகல் வாடவிட்டுச் சமைத்தால் உப்பின் குறை அவ்வளவாகத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும், அதையும் செய்தாள். எதிர்வீட்டில் தங்கை ஒவ்வொரு சட்டியாகத் திறந்து கணவருக்குப் பரிமாறினாள். மீந்ததைத் தானும் சாப்பிட்டுப் பார்த்தாள். எலுமிச்சை, புதினா, சுட்ட பூண்டு. ஒரு மனுஷியை மாதக்கணக்கில் சாப்பிடவைக்க இவள் எவ்வளவு பாடுபட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் நாக்கில் உறைத்தது. அம்மாவுக்கு இப்படித் தனிச் சட்டி வைத்திருந்த காலத்தில் அதைத் தங்கை ஒருதரம்கூட வாயில் வைத்துப் பார்த்ததில்லை. வேலை முடிந்து வருவாள், அம்மாவின் நாடியைப் பார்ப்பாள், ரத்தம் எடுப்பாள், போய்விடுவாள்.

அத்தனை செய்தும் கண்ணாடிக்கடைக்காரர் இளைத்துக்கொண்டே போனார். அவருடைய சட்டைகளைத் தையல்காரிதான் காய்கறிக்காரி மூலம் வாங்கி, உடம்புக்குத் தக்கபடி பிடித்துக் கொடுத்தாள். பிடித்த சட்டையும் சில நாளில் தொளதொளத்தது. முதலில் ருசி இல்லை என்றவர், பிறகு பசி இல்லை என்றார், பிறகு எதுவும் சொல்வதை நிறுத்திவிட்டார். ஒருநாள் முற்பகலில், மனைவி வேலைக்குப் போயிருந்த நேரம், சுவரைப் பிடித்துப் பிடித்துத் தெருவைத் தாண்டி வந்து தையல்காரி வாசலில் நின்றார். "அண்ணி, ஒரே ஒரு கல்லு உப்பு. கையில குடுங்க, நக்கிக்கிறேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றார். வளர்ந்த மனிதன், நாலு பேருக்குக் கண் பார்வை சரி செய்து அனுப்புகிறவர், கையை நீட்டிக்கொண்டு நின்றார். "நான் ஒரு தடவ போட்டது போதும் தம்பி. போங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, கதவிலேயே சாய்ந்து நின்றாள். அவர் போகும் சத்தம் கேட்கவில்லை. திறந்து பார்த்தபோது படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். வேலையிலிருந்து சீக்கிரம் திரும்பிய தங்கை தெருமுனையிலேயே நின்று இதையெல்லாம் பார்த்துவிட்டாள்.

மறுநாள் மதியம் அவள் திரும்ப வந்தாள். இந்தத் தடவை வாசலில் நிற்காமல் நேராக அடுப்படிக்குள் வந்தாள். அங்கே எல்லாம் பழையபடியே இருந்தன. கரண்டி மாட்டும் ஆணிகூட அதே இடத்தில் இருந்தது. தையல்காரி தக்காளியைப் பாதியாக அறுத்துக் கல்லில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு ஒரு நாள் போடு," என்றாள் தங்கை.

"என்னத்த?"

"உப்பு. கொஞ்சமா. என்னால பாக்க முடியலக்கா."

தையல்காரி கையில் இருந்த தக்காளியை வைக்கவும் இல்லை, கவிழ்க்கவும் இல்லை. "நான் போடமாட்டேன். வேணும்னா நீ போடு," என்றாள். கிண்ணத்தை எடுத்து நடுவில் வைத்தாள். எண்ணெயைக்கூடக் கரண்டியால் அளப்பவள், அன்று கரண்டி தேடவில்லை. மூன்று விரலால் அள்ளினாள். அள்ளிய கை கல்லுக்கு மேலே நின்றது. விரலிடுக்கில் கசிந்தது பாதி தரையில் போயிற்று. மீதி தக்காளிமேல் விழுந்தது. அவள் கையை உதறாமல் அப்படியே வைத்திருந்தாள்.

"அன்னைக்கு அம்மா என்ன சொன்னா?"

"என்னைக்கு?"

"இத சாப்டப்போ."

"என்ன சொல்லுவா. இன்னொன்னு குடுன்னா."

"குடுத்தியா?"

"குடுத்தேன்."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தையல்காரிக்குத் தெரியவில்லை. தங்கைக்கே தெரிந்திருக்காது. கல் புகைய ஆரம்பித்ததும் அக்கா மூடியை எடுத்துப் போட்டாள். இருவரும் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே மூடியின் கண்ணாடிக்குள் தக்காளி போய், காலையில் தங்கை தன் வீட்டில் நறுக்கி மூடி வைத்திருந்த வெள்ளரிக்காய் வந்தது. சூடான கல்லில் விழுந்த வெள்ளரிக்காய் சீறியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்து ஓடினார்கள். பெரியவள் செருப்புப் போடவில்லை. தங்கை வீட்டில் கிண்ணத்துக்குள் தக்காளி புகைந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் அதை ஒவ்வொரு பாதியாக, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். கடைசிப் பாதியில் கண்ணைத் திறந்தார். எதிரே அண்ணியும் மனைவியும் தோளோடு தோள் ஒட்டி நிற்பதைப் பார்த்ததும் அவருக்குப் புரையேறிவிட்டது.

மறுநாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. வெயில் ஜன்னலைத் தாண்டிக் கட்டில்வரை வந்துவிட்டது. தங்கை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் ஓடிப்போய்ப் பெரியம்மாவைக் கூட்டி வந்தாள். அவள் அந்த வார்த்தையைச் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. யாரும் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. ஓட்டுநர் வந்தார், காய்கறிக்காரி வண்டியைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்தாள். தங்கை நாடியைப் பிடித்துப் பார்த்திருக்கலாம், அம்மாவுக்குப் பார்த்துப் பழகியவள்தான்; ஆனால் கையை நீட்டும் தைரியம் அவளுக்கு வரவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் ஒரு கண்ணைத் திறந்தார். கட்டிலைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். "என்ன, யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். வயிறு நிறையச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று, அதனால் அசந்து தூங்கிவிட்டதாகச் சொன்னார். தையல்காரி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். தங்கை அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சமையல் நேரம் ஆனபிறகும் இருவரும் அந்தத் தரையைவிட்டு எழவில்லை. அன்றைய சமையலை ஓட்டுநர்தான் செய்தார். அதைப் பற்றி யாரும் நல்லதாகச் சொல்லவில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் அதற்குப் பிறகு பல வருடம் இருந்தார். தினமும் உப்பில்லாத சாப்பாடு, எப்போதாவது ஒருநாள் மனைவி கையால் மூன்று விரல் உப்பு என்று டாக்டரிடம் சொல்லாத ஓர் ஏற்பாடு நடந்தது. அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டுவிட்டால் சட்டி மாறுவது நின்றுவிடும் என்று தெருவே எதிர்பார்த்தது. நிற்கவில்லை. சேர்ந்து சாப்பிட ஒரே வீட்டில் உட்கார்ந்த நாட்களில்கூட, தையல்காரி தன் அடுப்படியில் சமைத்துவிட்டு, அதை எடுத்துவரத் தங்கை வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. தங்கையும் அப்படித்தான். வெயிலில் இரண்டு பெண்கள் வெறுங்கையோடு எதிரெதிரே நடந்து போய், சட்டியோடு திரும்பி வருவது அந்தத் தெருவில் கோடை வந்துவிட்டதற்கு அடையாளமாயிற்று. மழை தொடங்கிக் கடைசிச் சோளமும் சந்தையைவிட்டுப் போனதும் சட்டிகள் அவரவர் அடுப்பில் நிற்கும். அந்த மாதங்களில் தையல்காரிக்குத் தன் சமையலே ருசிக்கவில்லை. சுகாதார ஆய்வாளர் ஓய்வு பெறும்வரை வருடத்துக்கு ஒருமுறை வந்து, இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுவிட்டு, தொற்று ஏதும் இல்லை என்று சொல்லிப் போனார்.

மகள் படித்து முடித்து, ரயிலில் ஓர் இரவும் பகலும் போக வேண்டிய ஒரு பெரிய நகரத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மாடியில் ஒற்றை அறை, மூலையில் ஓர் அடுப்பு. பக்கத்தில் யாரையும் தெரியாது. அங்கே கோடை வந்ததும் கடையில் புதுச் சோளம் பார்த்து வாங்கி வந்தாள். பெரியம்மா செய்வது போல உதிர்த்து, வெண்ணெயில் வதக்கி, மிளகு கொஞ்சம் தூக்கலாகப் போட்டு மூடி வைத்தாள். திறந்தபோது சட்டிக்குள் மஞ்சள் பூசணிக்காய் மசித்தது இருந்தது. மேலே அவளுக்குப் பெயர் தெரியாத ஏதோ ஒரு விதையை வறுத்துத் தூவியிருந்தார்கள். அவள் கையிலிருந்த கரண்டி நழுவியது. போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டு, பெரியம்மா இன்றைக்குப் பூசணிக்காய் செய்தாளா என்று கேட்டாள்.

"இல்லையே. அவ பண்ணின கத்தரிக்கா என் முன்னாடிதான் இருக்கு. நான் பண்ணினது அவகிட்ட இருக்கு. ஏன்?"

மகள் சொன்னாள். அம்மா, "சாப்ட்டுப் பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. யாரு வீட்டுதுன்னு தெரியலையே!"

"காரம் இருக்கா?"

"துளிகூட இல்ல. நல்லா கொழைய மசிச்சிருக்காங்க."

"அப்போ அந்த வீட்ல சின்னக் கொழந்த இருக்கு," என்றாள் அம்மா. "நாளைக்கு மிளகக் கொறச்சுப் போடு. சோளத்த அப்படியே முழுசா வைக்காத, நசுக்கிடு."

மறுநாள் அவள் சோளத்தை நசுக்கி, மிளகு போடாமல் மூடி வைத்தாள்.